மாடிப்படியில் மூன்று பாயிண்ட்

கைப்பேசி நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, நடைமுறையில், வீட்டில் எந்த இடத்தில் நின்று பேசுவது என்பதைத் தேர்ந்தெடுப்பதுதான். ஒரு நிறுவனத்தின் சிம் போட்டால் சமையலறை ஜன்னலோரம் டவர் கிடைக்கும். இன்னொன்றுக்கு மாடிப்படியின் பாதியில் மூன்று பாயிண்ட் காட்டும். மூன்றாவதற்கு ஒரு காலை வாசலிலும் மறுகாலைத் தெருவிலும் வைத்துக்கொண்டு, குடும்ப ரகசியங்களை எதிர்வீட்டுக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கும். தமிழ்நாட்டில் இப்போது கையில் இருப்பவை ஏர்டெல், ஜியோ, வோடபோன் ஐடியா, பி.எஸ்.என்.எல். என நான்கு. நாலு பெயருக்குள் ஒன்றை எடுக்கத்தான் குடும்பங்கள் இத்தனை பாடுபடுகின்றன.

தொடக்கத்தில் இந்தப் பாடு வசதி படைத்தவர்களுக்கு மட்டும் இருந்தது. 1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து முதலமைச்சர் ஜோதி பாசு டெல்லியில் இருந்த தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. சென்னைக்கு அப்போது வாய்த்தவை ஸ்கைசெல், ஆர்.பி.ஜி. செல்லுலார் என்ற இரண்டு நிறுவனங்கள். பேசுகிறவருக்கும் காசு, கேட்கிறவருக்கும் காசு. நிமிடத்துக்குப் பதினாறு ரூபாய் வரை போன காலத்தில், மணி அடித்தால் யாரென்று பார்த்து வெட்டிவிட்டு, பக்கத்து எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருப்பிக் கூப்பிடுவதே சிக்கனக்காரர்களின் தொழில்நுட்பம். வரும் அழைப்புக்குக் காசு இல்லை என்று ஆனது 2003 மே மாதத்தில். அதற்குப் பிறகுதான் கைப்பேசியை எடுத்து "ஹலோ" என்று சொல்லத் துணிச்சல் வந்தது.

பிறகு கடைகள் பெருகின. 2010 வாக்கில் தமிழ்நாட்டில் பத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் சிம் விற்றன. பேருந்து நிலையங்களில் குடை விரித்து உட்கார்ந்திருந்த இளைஞர்கள், போகிற வருகிறவர்களின் கையில் சிம்மைத் திணித்தார்கள். 2012 பிப்ரவரி 2 அன்று உச்ச நீதிமன்றம் 122 தொலைத்தொடர்பு உரிமங்களை ரத்து செய்ததில் சில குடைகள் மடங்கின. 2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்து, பேச்சும் டேட்டாவும் சில மாதங்களுக்கு இலவசம் என்றதில் மிச்சக் குடைகளும் மடங்கின. வோடபோன், ஐடியா என்ற இரண்டு பெரிய நிறுவனங்கள் 2018இல் ஒன்றாகிவிட்டன. வாடிக்கையாளர் எதையும் தேர்ந்தெடுக்காமலேயே அவருடைய நிறுவனம் மாறிவிடும் என்பதை நாடு அப்போது கற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டுக்கு அந்தப் பாடத்தை அழுத்தமாக நடத்தியது ஏர்செல். இந்த மண்ணில் பிறந்து, சென்னை சூப்பர் கிங்ஸ் சட்டையில் பெயர் போட்டு, ஏறக்குறைய வீட்டுப் பிள்ளையாகவே வளர்ந்த நிறுவனம் அது. 2018 பிப்ரவரியில் திடீரென்று டவர் போயிற்று. ஷோரூம் வாசலில் கூட்டம், வங்கி ஓ.டி.பி. வராத தவிப்பு, வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்கான குறியீடு கேட்டால் அதுவும் வராத கொடுமை. மாறுவதற்கும் சிக்னல் வேண்டுமே! மாதக் கடைசியில் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ஊர்ப் பாசம் வைத்து சிம் வாங்கும் வழக்கம் அதோடு ஒழிந்தது.

விளம்பரம் பார்த்துத் தேர்ந்தெடுப்பது இன்னொரு பழைய முறை. 2002இல் ஏ.ஆர். ரஹ்மான் ஏர்டெலுக்குப் போட்டுக் கொடுத்த இசைத்துணுக்கு அழைப்பு மணியாகப் பேருந்துக்குப் பேருந்து ஒலித்தது. அடுத்த ஆண்டு ஹட்ச் விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகிற இடமெல்லாம் ஒரு நாய் பின்னாலேயே போயிற்று. பார்த்தவர்களில் பலர் சிம் வாங்கினார்கள். வசதி உள்ளவர்கள் அந்த ஜாதி நாயையும் வாங்கினார்கள். நாய் சொன்னபடி பின்னால் வந்தது. 2009இல் வோடபோன் விளம்பரத்தில் வெள்ளை உடம்பும் பெரிய தலையுமாக வந்த ஜூஜூக்கள் கிரிக்கெட்டை விடப் பிரபலமாகின. இந்த மூன்றில் எதற்கும் படுக்கையறையில் டவர் எடுப்பதற்கும் தொடர்பில்லை.

அறிவியல் மனம் படைத்தவர்கள் கவரேஜ் வரைபடத்தைப் பார்ப்பார்கள். எந்த இடத்தில் எந்தச் சேவை உண்டு என்று நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வரைபடம் போட வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் 2024இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி. வரைபடத்தில் மாநிலம் முழுக்க ஒரே நிறம் பூசியிருக்கும். அந்த நிறம் திறந்த வெளியைக் குறிப்பது என்பதும், மனிதர்கள் பெரும்பாலும் கூரைக்குக் கீழே வசிக்கிறார்கள் என்பதும் வேறு விஷயங்கள். மக்கள்தொகையில் இத்தனை சதவீதம் பேருக்குச் சேவை உண்டு என்று சொல்வதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. அது மக்கள் குடியிருக்கும் இடத்தைக் கணக்கெடுக்கும், அவர்கள் போகிற வழியை எடுக்காது. கொல்லிமலைக்கு ஏறும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளில் யாரும் குடியிருப்பதில்லை. அதனால் அங்கே வண்டி நின்றுபோனால், கணக்குப்படி, யாருக்கும் ஒரு குறையும் இல்லை.

சுவருக்குள் சிக்னல் வருவதும் வராததும் அலைவரிசையைப் பொறுத்தது. 700, 850, 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசைகள் நெடுந்தூரம் போகும், சுவரையும் ஓரளவு துளைக்கும். ஆனால் சுமக்கும் டேட்டா குறைவு. 2300, 3300 போன்ற உயர்ந்தவை டேட்டாவை மூட்டை மூட்டையாகச் சுமக்கும். நாலு சுவர் வந்தால் மூச்சு வாங்கும். பக்கத்துத் தெரு கோயில் ஸ்பீக்கரில் பாட்டின் வரி ஒன்றும் புரியாமல் தும் தும் என்ற அடி மட்டும் அறைக்குள் வந்து சேர்வது போலத்தான் இது. ஆகவே 5ஜி என்று போனில் எழுதியிருப்பதை விட, அந்த நிறுவனம் அந்த ஊரில் எந்த அலைவரிசையை ஓட்டுகிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. கடைக்காரரிடம் இதைக் கேட்டால், "சார், நல்லா எடுக்கும் சார்" என்பார்.

வீட்டின் கட்டுமானத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஓட்டு வீட்டுக்குள் சிக்னல் தாராளமாக வரும். லட்சம் லட்சமாகச் செலவழித்து, கம்பியும் கான்கிரீட்டுமாக எழுப்பி, வெப்பம் வராமல் இருக்க உலோகப் பூச்சுக் கண்ணாடி மாட்டிய வீட்டில் வெப்பத்தோடு சேர்ந்து சிக்னலும் வெளியே நின்றுவிடும். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்கள் வரிசையாக வெளியே போய் நின்று பேசிக்கொண்டிருந்தால், கட்டடம் உறுதியாக இருக்கிறது என்று பொருள்.

டவர் பக்கத்தில் இருக்கிறதே என்று நம்புவதிலும் சிக்கல் இருக்கிறது. ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்கள் வாடகைக்கு இருக்கும். ஆகவே கண்ணுக்குத் தெரியும் டவர் தன்னுடையதா என்பது வெளியிலிருந்து தெரியாது. தன்னுடையதாகவே இருந்தாலும், ஆன்டெனாக்கள் தூரத்தை நோக்கித்தான் வீசும். நேர் கீழே இருக்கும் வீட்டுக்கு மிச்சம் மீதிதான். இதைவிடப் பெரிய சிக்கல், டவர் வைக்க இடம் தேடுவது. சிக்னல் இல்லை என்று மனுக் கொடுக்கும் தெரு, டவர் வருகிறது என்றதும் கதிர்வீச்சு என்று இன்னொரு மனுக் கொடுக்கும். இரண்டு மனுவிலும் பெரும்பாலும் அதே கையெழுத்துகள் இருக்கும். இந்தியாவில் டவர் கதிர்வீச்சுக்கான வரம்பு 2012 செப்டம்பர் முதல் சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்காகக் குறைக்கப்பட்டுவிட்டது. அதை எடுத்துச் சொல்லப் போகிறவருக்கு அந்தத் தெருவில் அதன் பிறகு காபி கிடைக்காது.

சிக்னலை அளப்பதற்குப் பெரும்பாலோர் நம்பியிருப்பது திரையின் மேல்மூலையில் தெரியும் கோடுகளை. மூன்று பாயிண்ட், நாலு பாயிண்ட் என்று இவற்றைச் சொல்வதுண்டு. எவ்வளவு சிக்னலுக்கு எத்தனை பாயிண்ட் என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான விதி எதுவும் கிடையாது. போன் தயாரிப்பவர் வைத்ததே சட்டம். 2010இல் ஐபோன் 4ஐக் கையில் பிடித்தால் சிக்னல் விழுகிறது என்று சர்ச்சை வந்தபோது, தங்கள் போன்கள் பல இடங்களில் உள்ளதைவிட இரண்டு பாயிண்ட் கூடுதலாகக் காட்டிவந்ததை ஆப்பிள் நிறுவனமே ஒப்புக்கொண்டது. உண்மையான அளவு பல போன்களின் செட்டிங்ஸில் சிம் பற்றிய பகுதியில் ஒளிந்திருக்கிறது. அது டெசிபல் கணக்கில், மைனஸ் எண்ணாக இருக்கும். மைனஸ் 80 என்றால் நன்றாக இருக்கிறது. மைனஸ் 110 என்றால் அதில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மிச்சம். இதைத் தெரிந்துகொண்டவர் சில நாட்கள் வீடு முழுக்கப் போனை நீட்டிக்கொண்டு நடப்பார். வாஸ்து பார்க்கிறார் என்று அக்கம்பக்கம் நினைத்துக்கொள்ளும்.

நாலு பாயிண்ட் இருந்தும் லைன் கிடைக்காத நிலையும் உண்டு. பௌர்ணமி இரவில் திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் நின்று பார்த்தால் இது புரியும். சிக்னல் முழுசாக இருக்கும், நெட் சுற்றிக்கொண்டே இருக்கும். டவரின் வலு குறையவில்லை. அதைப் பங்கு போட்டுக்கொள்ள வந்தவர்கள்தான் அதிகம். அதனால்தான் அதிகாலையில் வேகம் சோதித்துவிட்டு நிறுவனத்தைப் புகழ்கிறவரை நம்பக் கூடாது. இரவு எட்டிலிருந்து பதினொன்றுக்குள் சோதித்தவர் சொல்வதே சாட்சியம். எல்லையோர ஊர்களுக்குத் தனி அனுபவங்கள் உண்டு. செங்கோட்டைக்கும் கூடலூருக்கும் கேரள டவர் வந்து போகும். தனுஷ்கோடிக்குப் போனால் சிலருடைய போன் கடலைத் தாண்டி இலங்கை நெட்வொர்க்கையே பிடித்து வைத்துக்கொள்ளும்.

கட்டண ஒப்பீடு பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும், ஏனெனில் நிறுவனங்கள் ஒன்று ஏற்றினால் மற்றவையும் சில நாட்களில் ஏற்றிவிடுகின்றன. மாதம் என்பது இவர்களிடம் 28 நாள். ஆண்டுக்குப் பதின்மூன்று மாதம். மூன்று மாதப் பேக் என்று மக்கள் சொல்லும் 84 நாள் பேக்கை நான்கு முறை போட்டால் ஆண்டில் 29 நாள் அந்தரத்தில் நிற்கும். இந்தக் காலண்டர் பற்றிப் புகார்கள் குவிந்ததில், 30 நாள் பேக் குறைந்தது ஒன்றும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கும் பேக் குறைந்தது ஒன்றும் தர வேண்டும் என்று 2022 ஜனவரியில் ட்ராய் ஆணையிட்டது. தினசரி டேட்டா தீர்ந்ததும் வேகம் பொதுவாக 64 கே.பி.பி.எஸ்.ஸுக்கு இறங்கும். அந்த வேகத்தில் ரோஜாப்பூவும் காலை வணக்கமும் கொண்ட 300 கே.பி. படம் ஒன்று வர ஏறக்குறைய நாற்பது விநாடி ஆகும். குறைந்த வேகத்தின் பயனாக இதைக் கருதுவோரும் உண்டு. நெட்டே வேண்டாம், பேசினால் போதும் என்கிற பாட்டிக்கும் டேட்டா கட்டி விற்ற காலத்துக்கு 2024 டிசம்பரில் ஒரு முடிவு வந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான பேக்குகளை நிறுவனங்கள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்றாயிற்று.

2024 ஜூலையில் மூன்று தனியார் நிறுவனங்களும் கட்டணத்தை ஏற்றியபோது லட்சக்கணக்கானோர் பி.எஸ்.என்.எல்.லுக்கு மாறினார்கள். தேசப்பற்றும் சிக்கனமும் ஒரே ரீசார்ஜில் நிறைவேறுவது அபூர்வம். 4ஜி வராத ஊர்க்காரர்கள் சில வாரங்களில் பழைய சிம்மை இரண்டாவது துளையில் போட்டுக்கொண்டார்கள். இரண்டு சிம் போன் என்ற ஏற்பாடு இருப்பதே, ஒரு நிறுவனத்தை மட்டும் நம்ப முடியாது என்று சந்தை எப்போதோ தீர்ப்பு எழுதிவிட்டதற்குச் சாட்சி. ஆனால் இரண்டும் ஒரே நிறுவனத்து சிம்மாக வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். டவர் போனால் அவர்களுக்கு இரண்டு முறை போகும்.

நம்பகமான முறை ஒன்றுதான். வீட்டுக்கு வந்து போகிறவர்களிடம் கேட்பது. உணவு கொண்டுவரும் பையன், கூரியர்காரர், கால் டாக்சி ஓட்டுநர் ஆகியோருக்குத் தெருத் தெருவாக எந்த நிறுவனம் எங்கே சாகும் என்பது அத்துப்படி. "இந்த முக்கு திரும்பினா கட் ஆயிடும்ணே" என்று அவர்கள் சொல்வதை வரைபடம் சொல்லாது. அதன்பின் விருந்துக்கு வந்த உறவினரின் போனை வாங்கிப் படுக்கையறை, குளியலறை, லிஃப்ட் என்று நின்று பார்க்கலாம். உறவினர் சந்தேகப்படுவார், பரவாயில்லை. வீட்டில் பிராட்பேண்ட் இருந்தால் இந்த உழைப்பும் பாதி மிச்சம். 2019 கடைசியில் ஏர்டெலும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை வழியாகவே பேசும் வசதியைக் கொண்டுவந்தன. போனில் அந்தப் பொத்தானைத் தட்டிவிட்டால் டவரை எதிர்பார்க்க வேண்டியதில்லை. மாடிப்படியில் நின்று பழகியவர்கள் அதன் பிறகும் அங்கேதான் நிற்கிறார்கள் என்பது தொழில்நுட்பத்தின் குற்றமல்ல.

ஒத்துவரவில்லை என்றால் எண்ணை மாற்றாமலே நிறுவனத்தை மாற்றலாம். 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் இந்த வசதி உண்டு. PORT என்ற ஆங்கில எழுத்துகளோடு கைப்பேசி எண்ணைச் சேர்த்து 1900க்கு அனுப்பினால் எட்டு எழுத்துக் குறியீடு வரும். பெரும்பாலான மாநிலங்களில் அது நான்கு நாள் செல்லும். பழைய நிறுவனத்தில் 90 நாள் இருந்திருக்க வேண்டும், போஸ்ட்பெய்டு பாக்கி இருக்கக் கூடாது. அதே மாநிலத்துக்குள் என்றால் மூன்று வேலை நாளில் முடிந்துவிடும். கஸ்டமர் கேருக்கு வருடக்கணக்கில் அடித்தும் மனிதக் குரல் கேட்காதவருக்கு, குறியீடு வந்த அன்று பழைய நிறுவனத்திலிருந்து ஒருவர் தானாகவே அழைத்து நலம் விசாரிப்பதும் உண்டு. பேக்கோடு தரும் தினசரி 100 குறுஞ்செய்திகளில் பலர் ஆயுளில் அனுப்புவது 1900க்கான இந்த ஒன்றைத்தான். மலிவான பேக்குகளில் குறுஞ்செய்தியே இல்லாததால் மாற முடியவில்லை என்று புகார் வந்தது. எந்த ரீசார்ஜ் போட்டிருந்தாலும் 1900க்கு அனுப்பும் செய்தியைத் தடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் ட்ராய் எல்லா நிறுவனங்களுக்கும் உத்தரவிட்டது.