விடுப்பண்ணையும் பற்றறிக் காலும்

தண்ணீரூற்றில் ஒருவர் புதுச் செருப்பு வாங்கினால், அது அவர் காலைக் கடிக்க முதல் விடுப்பண்ணைக்குச் செய்தி போய்விடும். அடையாள அட்டையில் அவருக்கு வேறொரு பெயர் இருக்கிறது. அதைத் தெரிந்தவர்கள் கிராம சேவகரும் விடுப்பண்ணையின் மனைவியும்தான். முள்ளியவளையிலிருந்து முல்லைத்தீவுக்குப் போகிற வீதியில், தேத்தண்ணிக் கடை வாங்கின் தொங்கல் அவருடைய ஆசனம். அங்கே இருந்தால் இரண்டு பக்கத்தாலும் வருகிற கால்கள் தெரியும். நாங்கள் முகத்தைப் பார்த்து ஆளை மட்டுக்கட்டுவோம். அவர் நடையைப் பார்த்து மட்டுக்கட்டுவார்.

"உவன் வலக்காலை எட்டி வைக்கிறான். காணிக் கந்தோருக்குப் போறான்."

"உந்த மனிசி குதிக்காலைத் தேய்ச்சு வருது. மருமகளோட கொளுவல்."

பாதி சரியாக இருக்கும். மீதிப் பாதியை ஆளை மறித்துக் கேட்டுச் சரியாக்கிவிடுவார்.

விடுப்புக் கேட்கிறவர் இல்லாத சந்தி உலகத்தில் எங்கும் இல்லை. ஒட்டுசுட்டானில் ஒருவர் இருக்கிறார், புதுக்குடியிருப்பில் இரண்டு பேர் போட்டியில் இருக்கிறார்கள், ஸ்காபரோவில் தமிழ்க் கடை வாசலிலும் கட்டாயம் ஒருவர் நிற்பார். ஆனால் வன்னி விடுப்பருக்குக் கால் விசயத்தில் இருக்கிற படிப்பு மற்றவர்களுக்கு வராது. இது சண்டையும் கண்ணிவெடியும் கால்களை எடுத்துக்கொண்டு போன மண். 1968இல் ஜெய்ப்பூரில் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் டொக்டர் சேத்தியும் சேர்ந்து செய்த கால், சப்பாத்து இல்லாமல் சேற்றுக்குள் இறங்கும், சம்மணம் கொட்டி இருக்கவும் விடும். யாழ்ப்பாணத்தில் 1987இலேயே அதற்கொரு நிலையம் வந்துவிட்டது. 2010இல் இந்திய அரசு, வவுனியாவில் இடம்பெயர்ந்த சனம் இருந்த மெனிக் பாமில் வைத்த முகாமில் மட்டும் ஏறத்தாழ 1,400 பேர் கால் பூட்டிக்கொண்டார்கள். ஆகவே எங்கள் பக்கத்தில் பொய்க்காலோடு ஒருவர் சைக்கிள் உழக்கிப் போனால் சனம் திரும்பிப் பார்க்காது. விடுப்பண்ணை பார்ப்பார். பார்ப்பது இரக்கத்தால் இல்லை, எந்த வருசத்துக் கால் என்று அறியத்தான்.

அவருடைய கேள்விகளுக்கு ஒரு வரிசை உண்டு. முதலாவது, "ஆர் தந்தது?" இரண்டாவது, "வெளியில வாங்கினா என்ன விலை போகும்?" மூன்றாவது, "இன்னொண்டு எடுக்கலாமோ?" அவருக்கு இரண்டு காலும் சுகமாகத்தான் இருக்கின்றன. இலவசமாகக் கிடைக்கிற ஒன்று தன் கையைக் கடந்து போவதை அவரால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

ஒருமுறை தையல்கடைப் பிள்ளையை மறித்தார். அவளுக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக் கால்.

"பிள்ளை, உது நடக்கேக்க நோகாதோ?"

"நோகும் அண்ணை. ஆரும் மறிச்சுக் கேக்கேக்க."

அதற்குப் பிறகு ஒரு கிழமை அவர் அவளிடம் நேரம் மட்டும்தான் கேட்டார்.

கைபேசிக்கு டேட்டா மலிந்ததோடு அவருடைய எல்லை விரிந்தது. ஊர்க் கால்களை முடித்துவிட்டு உலகக் கால்களுக்குள் இறங்கினார். ஜப்பானில் சுகுபா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சங்காய் செய்த உடுப்பு இயந்திரம் ஒன்று இருக்கிறது. ஆள் நடக்க நினைத்தவுடன் மூளை அனுப்புகிற மெல்லிய மின்சாரத்தைத் தோலில் ஒட்டிய பொட்டுகளால் பிடித்து, அதற்கேற்ப மோட்டரைச் சுழற்றும். இதை விடுப்பண்ணை கடையில் இப்படி விளங்கப்படுத்தினார்: "நினைச்சாக் காணும், கால் தானாப் போகும்."

மரக்கறி வாங்க வந்த அவருடைய மனைவிக்கு அது கேட்டுவிட்டது. "அப்ப உங்களுக்கு அது வேண்டாம். பூட்டின உடன தவறணையிலதான் போய் நிக்கும்."

இஸ்ரேல்காரர்களின் நடை இயந்திரத்தைப் பற்றியும் பாடம் நடந்தது. இடுப்புக்குக் கீழே உணர்வில்லாதவர்களை எழுப்பி நடக்க வைப்பது அது. 2014இல் அமெரிக்காவில் வீட்டுப் பாவனைக்கு அனுமதி கிடைத்தது. விலை எழுபதாயிரம் டொலருக்கு மேல். "எங்கட காசுக்கு ரெண்டு கோடி தாண்டும்" என்று அவர் சொன்னதும் கடையில் ஒருவரும் நடப்பதைப் பற்றி யோசிக்கவில்லை. எத்தனை ஏக்கர் வயல், எத்தனை உழவு மெசின் என்றுதான் கணக்குப் போனது. சைக்கிள் திருத்துகிறவர் மட்டும் தொழில்முறையாகக் கேட்டார்: "பழுதானா?"

அது நல்ல கேள்வி. அமெரிக்காவில் முன்னாள் குதிரைப் பந்தய வீரர் ஒருவர் அப்படியான ஒன்றில் பத்து வருசம் நடந்தார். 2024இல் அதை இயக்குகிற கைக்கடிகாரத்துக்குள் ஒரு வயர் விட்டுப்போனது. ஐந்து வருசம் தாண்டிய மெசினைத் திருத்த மாட்டோம் என்று கம்பனி கையை விரித்தது. பத்திரிகைகள் கத்தின பிறகுதான் திருத்திக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டிருந்த சைக்கிள்காரர் தலையில் கைவைத்தார். "ஒரு வயருக்கோ? இஞ்ச கொண்டுவந்திருந்தா ஒரு பிளேன்ரீயோட முடிச்சிருப்பன்." ஜெய்ப்பூர் காலின் வாரையும் ஆணியையும் இறுக்கிக் கொடுத்த கை அது. அப்படிச் சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது.

இதெல்லாம் படிப்பறிவு. நேரில் கண்டது ஒரு வைகாசியில், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குக் கனடாவிலிருந்து ஒரு பெரியவர் வந்தபோது. இடுப்பில் ஒரு பட்டி, இரண்டு பக்கமும் சின்ன மோட்டர், அதிலிருந்து தொடைக்கு இறங்கும் கை, முதுகுப் பக்கம் பற்றறி. இரண்டு கிலோவளவுதான் நிறை. வருத்தக்காரருக்கென்று இல்லை, மலை ஏறுகிறவர்களுக்கும் வயசாளிகளுக்கும் கடையில் விற்கிற சாமான். காலைத் தூக்கும் நேரம் பார்த்து மோட்டர் ஒரு கை கொடுக்கும். தேத்தண்ணி குடிக்க வந்து அதைக் கழற்றி வாங்கில் வைத்தார், பாவம். அவர் அதைத் திரும்ப எடுக்க நெடுநேரம் சென்றது.

பொடியள் தொட்டுப் பார்த்தார்கள். லான்ட்மாஸ்டர்க்காரர் ரிவேர்ஸ் கியர் இருக்கிறதா என்று கேட்டார். விடுப்பண்ணை தன் மூன்று கேள்விகளையும் கேட்டு முடித்துவிட்டு நாலாவதாக ஒன்றைக் கண்டுபிடித்தார்: "ஐயா, கோயிலுக்கு வேட்டி கட்டுவியளே, உதை மேல கட்டுறதோ கீழ கட்டுறதோ?"

சபை சூடாகிவிட்டது. மேலே கட்டினால் தொடைப் பட்டி வேட்டியை இறுக்கிக் கழுசானாக்கிவிடும். கீழே கட்டினால் இடுப்பில் தங்கம் கடத்துகிற ஆளென்று பொலிஸ் மறிக்கும். பெரியவர் வேட்டியைப் பற்றி அதுவரை யோசித்திருக்கவில்லை. சிரித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

உண்மையான பிரச்சினையை எடுத்தவ ஆச்சி. கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போய்வந்தவ. செல்வச்சந்நிதியில் வெளிக்கிட்டு, முல்லைத்தீவு, திருகோணமலை, மட்டக்களப்பு என்று கரையோரமாய் இறங்கி, உகந்தைக்கு அங்கால் காட்டுக்குள்ளால் போகிற அந்தப் பாதை முழுவதும் அவவின் குதிக்கால் வெடிப்பில் எழுதியிருக்கிறது.

"மோனை, உதைக் கட்டிக்கொண்டு நடந்தா நேர்த்தி ஆருக்குச் சேரும்? ஆளுக்கோ, பற்றறிக்கோ?"

விடுப்பண்ணை ஒருநாளும் கேள்விக்குப் பதில் சொல்லிப் பழகாதவர். திணறினார். பிறகு சீனாவை இழுத்தார். தாய்ஷான் என்று ஒரு மலை, அவர்களுக்குப் புனித மலை. ஏழாயிரம் படி மட்டில் ஏறவேண்டும். 2025 தொடக்கத்தில் அங்கே இதே மாதிரியான மெசினை வாடகைக்கு விட்டார்கள், சனம் கட்டிக்கொண்டு ஏறியது. "சீனச் சாமி ஒண்டும் சொல்லேல்லையே ஆச்சி!"

"அது சீனச் சாமி. கந்தன் கணக்குப் பாக்கிறவன்."

கனடாப் பெரியவர் லண்டன் கதை ஒன்று சொன்னார். கிளேர் லோமஸ் என்ற பெண் குதிரையிலிருந்து விழுந்து நெஞ்சுக்குக் கீழே இயக்கம் போனவ. 2012 லண்டன் மரதனை நடை இயந்திரம் கட்டிக்கொண்டு 17 நாளில் முடித்தா. 42 கிலோமீற்றர். அன்றைக்கன்றே முடிக்காதவர்களுக்குப் பதக்கம் இல்லை என்பது அங்கத்தைய சட்டம், அதனால் கொடுக்கவில்லை. ஓடி முடித்த மற்றவர்கள் பலர் தங்கள் பதக்கங்களைக் கழற்றி அவவிடம் கொடுத்துவிட்டார்கள். அந்த மெசின் சும்மா தூக்கிக்கொண்டு போகிறதில்லை என்றும் சொன்னார். ஊன்றுகோல் இரண்டையும் அழுத்தி, உடம்பை முன்னுக்குச் சாய்த்தால்தான் ஒரு அடி வரும்.

ஆச்சி கொஞ்சம் யோசித்தா. "அந்தப் பிள்ளைக்குச் சேரும். 17 நாள் ரோட்டில நிண்டிருக்கே. இவர் காரில வந்து இறங்கிப் பூட்டினவர். இவருக்குச் சேராது." பெரியவருக்கு அது குத்தவில்லை. இன்னொரு பிளேன்ரீ சொன்னார். எனக்குத் தெரிந்து நடை இயந்திரத்தைப் பற்றி இதைவிடத் தெளிவான தீர்ப்பை ஒருவரும் சொல்லவில்லை, படித்தவர்கள் உட்பட.

பெரியவர் போனபின் விடுப்பண்ணைக்குத் தூக்கம் கெட்டது. தாய்ஷானில் அப்போது மூன்று மணித்தியாலத்துக்கு வாடகை 60 முதல் 80 யுவான், எங்கள் காசுக்கு மூவாயிரம் மட்டில். பொங்கலுக்கு வருகிற சனத்தை நினைத்தார். கனடாவிலிருந்து நாலு செற் இறக்கினால் போதும். ஆளைப் பார்த்து நடையை மட்டுக்கட்டி, இன்னாருக்கு இன்ன அளவு பவர் என்று சொல்ல இந்த மாவட்டத்தில் தன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

அடுத்தநாள் திட்டத்தைக் கடையில் அவிழ்த்தார். முதலாளி கேட்டார்: "சார்ஜ் எங்க போடுறது?"

"இஞ்சதான். உங்களுக்கு ரெண்டு பிளக் இருக்குத்தானே?"

"கரண்ட் பில்?"

"அம்மாளின்ர பொங்கலுக்குக் காட்டு விநாயகர் கோயில்ல கடல் தண்ணியில விளக்கெரியிற ஊர் முதலாளி இது. நாலு பற்றறிக்கு நீங்கள் பில் பாக்கிறியளே!"

"அம்மாளிட்டக் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு வாங்கோ. சார்ஜ் போடுவம்."

சைக்கிள்காரர் திருத்த வேலை தன்னுடையது என்று பதிந்தார். தையல்கடைப் பிள்ளை பட்டிகளை வன்னி இடுப்புக்கு ஏற்ற மாதிரி வெட்டித் தைக்க இவ்வளவு என்று கூலி சொன்னாள். விடுப்பண்ணை மறுபேச்சில்லாமல் சம்மதித்தார். கம்பனி ஏறக்குறைய உருவாகிவிட்டது, மெசின்தான் இல்லை.

ஆச்சி மூலையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தா. எல்லாரும் கலைகிற நேரம் மெதுவாகக் கிட்ட வந்தா.

"மோனை, கோயிலுக்கு எனக்கு உது வேண்டாம். கிணத்தடியில இருந்து குசினிக்குத் தண்ணி காவ மட்டும் விடியக்காலமையில ஒருக்காத் தருவியோ?"

விடுப்பண்ணை நிமிர்ந்து இருந்தார்.

"வாளி எத்தனை லீற்றர் ஆச்சி? ஒரு வாளியோ ரெண்டு வாளியோ? மகன் வெளிநாட்டில இருந்து மோட்டர் பூட்ட அனுப்பின காசு என்னாச்சு?"