கச்சேரிப் படக்காரரும் காற்றுப்புகா டப்பாவும்: ஒரு நுண்ணாய்வு

மார்கழிக் கச்சேரிகளைப் பற்றி எழுதாதவர் இல்லை. மியூசிக் அகாடமி 1928-இல் தோன்றியதை எழுதியிருக்கிறார்கள். அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் கச்சேரிக்கு வகுத்த வரிசையை எழுதியிருக்கிறார்கள். சபா கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி, பாட்டைவிடக் கூடுதலாகவே எழுதியிருக்கிறார்கள். மேடையோரம் கறுப்புச் சட்டையில் குந்தியிருந்து படமெடுக்கும் ஆசாமி வீட்டுக்குப் போய் என்ன செய்கிறார் என்பதை மட்டும் ஒருவரும் ஆராயவில்லை. இந்த இடைவெளியை நிரப்பவே இக்கட்டுரை. இடைவெளி ஒன்றைக் காட்டாவிட்டால் எந்தப் பல்கலைக்கழகமும் உள்ளே விடாது.

ஆய்வுக்களம், மயிலாப்பூரில் ஒரு வாடகை வீடு. ஆய்வுப்பொருள், 'அன்னார்'. ஆய்வாளர் அன்னாரை மணந்தவராதலின் களப்பணிக்குத் தனியே நிதி கோரவில்லை. கோரினாலும் வந்திருக்காது.

அன்னாரின் இல்லறம் ஐந்து இயல்களாகப் பகுபடும் என்மனார் புலவர். எந்தப் புலவர் என்று கேட்பது மரபன்று.

உறக்க இயல்: டிசம்பர் 15 முதல் ஜனவரி 1 வரை இல்லை.

உடை இயல்: எல்லாச் சட்டையும் கறுப்பாதலின் துவைத்தது எது, துவைக்காதது எது என்பது மோந்தே அறியப்படும் (மாமியார், வாய்மொழி, கொடிக்கயிற்றடி).

ஒளி இயல்: சபாவில் ஃபிளாஷ் ஆகாது. ஷட்டர் 'டக்' என்றால் முன்வரிசை மாமாக்கள் ஆலாபனையை விட்டுவிட்டு அன்னாரையே முறைப்பர். ஆகவே சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர். அதைப் போட்டாலோ, சில எல்இடி விளக்குகளின் கீழ் படத்தின் குறுக்கே பட்டை பட்டையாகக் கோடு விழுகிறது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. அத்தகைய விளக்கு நொடிக்கு 100 தரம் துடிக்கும். ஷட்டரை 1/100-க்கு இறக்கினால் கோடு போய்விடும், கூடவே மிருதங்கக்காரரின் விரல்களும் போய்விடும். இதைத் தீர்க்க அன்னார் மாலைதோறும் பூஜையறை சீரியல் விளக்கின் முன் கேமராவும் கையுமாக அமர்ந்தார். பிள்ளைக்குப் பக்தி வந்துவிட்டது என்ற கூற்று (மேற்படியார், கூடம், விளக்கேற்றிய பின்) பொருந்தாது.

தொலைபேசி இயல்: தனி ஆவர்த்தனம் தொடங்கியதும் அவையினர் பலர் கேன்டீனுக்கு எழுவர், அன்னார் எழார். வாசிப்பவரின் முகமும் விரலும் சேர்ந்து சூடு பிடிப்பது அப்போதுதான். வீட்டுச் செய்தி வருவதும் அப்போதுதான்.

"ஏங்க, முடிஞ்சிருச்சா?"

"தனி போயிட்டிருக்கு."

"அப்ப வர்றப்ப கொத்தமல்லி ஒரு கட்டு. போன தடவை மாதிரி புதினாவைத் தூக்கிட்டு வராதீங்க."

இவ்வாட்ஸப் ஓலையால் கோர்வையின் கடைசிச் சுற்றைப் படமெடுக்க முடியாமற் போனது என்பது அன்னார் தரப்பு. வந்தது மறுபடியும் புதினா என்பது நம் தரப்பு.

இனி இவ்வாய்வின் உயிர்நாடியான டப்பா இயல். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்று லென்ஸுக்குள் பூஞ்சை வளர்க்கும். கண்ணாடியின் மேல் சிலந்தி இழையாகப் படரும். மேடையோரத்திலிருந்து முகத்தை எட்டிப் பிடிக்கும் 70-200 லென்ஸ், எஃப் 2.8 ரகம், ஒரு ஸ்கூட்டர் விலைக்குக் குறைந்து கிடைக்காது. அதைக் காற்றுப்புகா டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வைக்க வேண்டும். நான்கு பக்கமும் கிளிப் உள்ள டப்பா வீட்டில் ஒன்றே ஒன்று. அதில் தீபாவளி முறுக்கு இருந்தது.

டப்பா எதற்காக வாங்கப்பட்டது? முறுக்குக்கே என்பர் முறுக்குவாதியர் (தலைவி, மாமியார்). லென்ஸுக்கே என்பர் லென்ஸ்வாதியர் (தலைவரும் தொண்டரும் அன்னாரே). முன்னவர் காட்டும் சான்று, மூடியில் ஒட்டிய எள் (டப்பா, மூடி, உட்புறம், வடகிழக்கு மூலை). பின்னவர் காட்டுவது ஒரு கடை ரசீது (ஃபிரிட்ஜ் கதவு, பிள்ளையார் காந்தத்தின் கீழ், பின்புறம் பால் கணக்கு எழுதி இருமுறை பயன்பட்ட ஏடு, வலப்பக்கம் சாம்பார் பட்டுச் சிதைந்தது, தேதி தெரியவில்லை, 'டப்பா 1' மட்டும் தெளிவு, அது பெருங்காய டப்பாவாகவும் இருக்கலாம் என்று மகள் பென்சிலால் எழுதிய குறிப்பு, அவளுக்கு அரையாண்டுத் தேர்வு நெருங்குவதால் ஏற்கப்படவில்லை).

இரண்டையும் ஒன்றாக வைக்கலாம் என்ற சமரசவாதமும் ஒரு வாரம் நடைமுறையில் இருந்தது. அவ்வாரம் எடுத்த படங்களில் வித்வானைச் சுற்றி மெல்லிய எண்ணெய்ப் படலம். பார்த்தவர்கள் தெய்வீகம் என்றார்கள்.

சிலிக்கா ஜெல்லின் நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். சூடு காட்டினால் மறுபடி நீலமாகும். சூடு காட்ட அன்னார் அப்பளம் பொரிக்கும் வாணலியை எடுத்தார். தொடர்ந்து நிகழ்ந்த வாதத்தை விரிவஞ்சி விடுத்தாம்.

இவ்வியலை மட்டும் ஒரு கருத்தரங்குக்கு அனுப்பிப் பார்த்தோம். பதிவுக் கட்டணம் போய்ச் சேர்ந்த நிமிடமே கட்டுரை ஏற்கப்பட்டது. தொகுப்பில் அது 'பண்டைத் தமிழர் கலன்கள்' என்ற பகுதியில் அச்சாகியிருக்கிறது. இதுவரை அதை மேற்கோள் காட்டியவர் ஒருவர், நாமே.

கடைசியில் அன்னார் தவணையில் ஒரு டிரை கேபினட் வாங்கினார். கண்ணாடிக் கதவு, உள்ளே விளக்கு, முகப்பில் ஈரப்பத எண். மாமியார் மூக்குக்கண்ணாடி மாட்டிக்கொண்டு எண்ணைப் படித்தார்.

"ஏன்டா, இதுல வச்சா எதுவும் நமத்துப் போகாதா?"

"போகவே போகாதும்மா" என்று அன்னார் பெருமையோடு விளக்கினார். மேல்தட்டில் 70-200 இருக்கிறது. கீழ்த்தட்டில் அப்பளக் கட்டும் ஜவ்வரிசி வடாமும், 45 விழுக்காடு ஈரப்பதத்தில், நலம்.