சிசிஎன்ஏ தம்பி

அன்னனூர், திருமுல்லைவாயல், பட்டாபிராம், குமணன்சாவடி என்று சென்னையின் மேற்குப் பக்கம் எந்தத் தெருவில் நுழைந்தாலும் ஒரு சிசிஎன்ஏ தம்பி இருப்பார். இசிஇ முடித்தவர். அப்பா ஆவடி டேங்க் ஃபேக்டரியில் ரிட்டையர் ஆனவர். தம்பிக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் நைட் ஷிஃப்ட். திரையில் பச்சைப் புள்ளி சிவப்பானால் டிக்கெட் போட்டு, சீனியரைத் தூக்கத்திலிருந்து எழுப்ப வேண்டும். அவ்வளவுதான் வேலை. எழுப்புகிறவர், எழுப்பப்படுகிறவராகப் பதவி உயர்வு பெறத்தான் சிசிஎன்ஏ என்கிற இந்த சிஸ்கோ நெட்வொர்க்கிங் படிப்பு.

"எப்ப தம்பி எக்ஸாம்?" என்று கேட்டுப் பாருங்கள். "நெக்ஸ்ட் மன்த்ண்ணே" என்பார். இந்த நெக்ஸ்ட் மன்த் 2019-இலிருந்து தள்ளித் தள்ளிப் போகிறது. அப்போதே எழுதியிருப்பார். அதற்குள் 2020 பிப்ரவரியில் சிஸ்கோ பழைய பரீட்சைகளைத் தூக்கிவிட்டு 200-301 என்று ஒரே பரீட்சையாக்கிவிட்டது. புதுப் புத்தகம் வாங்கினார். அதைக் கரைத்துக் குடிக்கிற சமயத்தில், 2024 ஆகஸ்டில், பாடத்திட்டம் 1.1 ஆனது. மனுஷன் என்னதான் செய்வார்? கட்டணம் 300 டாலர், வரி தனி. 120 நிமிஷம். ஒரு கேள்வியைத் தாண்டிவிட்டால் திரும்பி வந்து திருத்த வழியில்லை. பாஸானாலும் சர்டிஃபிகேட் மூன்று வருஷத்துக்குத்தான் செல்லும். வீட்டில் பெண் பார்க்கிற பேச்சு எழுந்தால் மட்டும் "சர்டிஃபிகேஷன் முடியட்டும்மா" என்பார். எழுதாத பரீட்சை அந்த வகையில் அவருக்கு நிறையவே உதவியிருக்கிறது.

ஆனால் விஷயம் தெரியாதவர் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். அன்னனூரில் லோக்கல் ஏறிப் பட்டரவாக்கத்தில் இறங்குவதற்குள், பக்கத்து சீட்டுக்காரருக்கு ரூட்டிங் டேபிளை நடத்தி முடித்துவிடுவார்.

"அண்ணே, 192.168.10.20-க்கு ஒரு பாக்கெட் போகணும். டேபிள்ல ரெண்டு ரூட்டிங் புரோட்டோகால் கொடுத்த ரெண்டு வழி இருக்கு. ஓஎஸ்பிஎஃப் கொடுத்தது 192.168.10.0/24. ரிப் கொடுத்தது அதே 192.168.10.0, ஆனா /27. எதுல போகும்?"

அரைகுறையாகப் படித்தவர்களெல்லாம் வந்து விழுகிற குழி இது. ஓஎஸ்பிஎஃப்பின் நம்பகத்தன்மைக்கு எண் 110, ரிப்புக்கு 120. எண் குறைந்தால் நம்பிக்கை அதிகம். ஆகவே ஓஎஸ்பிஎஃப் என்று அடித்துச் சொல்வார்கள். தம்பி சிரிப்பார். அந்த எண்ணெல்லாம், இரண்டு பேரும் ஒரே நீளமுள்ள ஒரே முகவரியைக் கொண்டுவந்தால்தான் எடுபடும். இங்கே /24 என்பது 0-லிருந்து 255 வரை மொத்த ஊரும். /27 என்பது 0-லிருந்து 31 வரைக்கும்தான். 20 அதற்குள் இருக்கிறது. எவன் குறிப்பாகச் சொல்கிறானோ அவன் பேச்சுதான் செல்லும், ஆகவே ரிப். இதே 40-க்குப் போகவேண்டிய பாக்கெட் என்றால் ஓஎஸ்பிஎஃப்பில் போகும்.

"ஒரு ஷேர் ஆட்டோக்காரர் 'அம்பத்தூர், அம்பத்தூர்'னு கூவுறாரு. இன்னொருத்தர் 'அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு'னு கூவுறாரு. உங்களுக்கு ஓ.டி. போகணும். எதுல ஏறுவீங்க? டிரைவர் நல்லவரான்னு விசாரிப்பீங்களா?"

"எதுல இடம் இருக்கோ அதுல ஏறுவேன், தம்பி."

தம்பி ஒரு கணம் யோசிப்பார். "அது லோட் பேலன்சிங். வேற சாப்டர்" என்று சொல்லிவிட்டுப் பட்டரவாக்கத்தில் இறங்கிவிடுவார்.

செக்யூரிட்டி சாப்டர் வந்தபோதுதான் வீட்டுக்குச் சனி பிடித்தது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பேரம் பேசி, சிஸ்கோ ஏஎஸ்ஏ 5505 ஃபயர்வால் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கி வந்தார். சிஸ்கோ அதற்கு சப்போர்ட்டை நிறுத்தியது 2022-இல். அதனால் என்ன, படிக்கப் போதும். வீட்டுப் பக்கம் செக்யூரிட்டி லெவல் 100, வெளிப் பக்கம் 0. மேலிருந்து கீழே தாராளமாகப் போகலாம். கீழேயிருந்து மேலே வர அனுமதி வேண்டும். இதோடு விட்டிருந்தால் ஒரு வம்பும் இல்லை. வீட்டிலிருந்து வெளியே போவதற்கும் ஒரு பட்டியல் எழுதினார்: வெப்சைட்டுகளுக்கான போர்ட் 80 போகலாம், 443 போகலாம்.

"டேய், சீரியல் சுத்திக்கிட்டே நிக்குதுடா!"

பட்டியலை மேலிருந்து கீழே படித்து, பொருந்துகிற முதல் வரியோடு நின்றுவிடுவது ஃபயர்வாலின் குணம். எந்த வரியும் பொருந்தவில்லையா? கடைசியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு வரி உட்கார்ந்திருக்கிறது: எல்லாவற்றையும் மறு. பெயரைச் சொன்னால் முகவரி தருகிற டிஎன்எஸ் போவது போர்ட் 53-இல். தம்பி அதை எழுதவில்லை. 443 திறந்தே கிடந்தாலும், போகவேண்டிய முகவரி தெரியாமல் டிவி அப்படியே நின்றது.

"எழுதாத வரியை அது எப்படிடா படிக்குது?" என்றார் அம்மா. நியாயமான கேள்வி.

"நாங்க செஞ்ச டேங்குக்குக்கூட இவ்வளவு பாதுகாப்பு கிடையாதுடா" என்று அப்பா பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

இதையாவது அரை மணியில் சரிசெய்தார். பொங்கலுக்குப் பூந்தமல்லி அத்தை வந்ததுதான் பெரிய விபத்து. அந்தப் பெட்டியின் அடிப்படை லைசென்ஸில் ஒரே நேரத்தில் பத்துக் கருவிகளுக்குத்தான் வெளியே வழி. டிவி, கேமரா, லேப்டாப், ஆளுக்கொரு போன், விருந்தாளிகளின் போன் என்று பத்தும் நிரம்பியிருந்தது. பதினொன்றாவது அத்தையுடையது.

"எல்லாருக்கும் வருது, எனக்கு மட்டும் வரலையே. பாஸ்வேர்டை மாத்திச் சொல்லிட்டீங்களா அண்ணி?"

லைசென்ஸ் விவரத்தைத் தம்பி விளக்கினார். அத்தை நம்பவில்லை. இன்றுவரைக்கும் நம்பவில்லை.

ஆபீஸ் கதை வேறு மாதிரி. தூரத்து ஊர் ரூட்டர் ஒன்றில் நுழைந்து ஒரு ரூல் எழுதினார். எண்டர் தட்டியதும் திரை உறைந்தது. தான் உள்ளே வந்த வழியையே அடைத்துவிட்டார். எழுப்பப்பட்ட சீனியர் திட்டவில்லை. ஒரே ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். கை வைப்பதற்கு முன் 'ரீலோட் இன் 10' என்று போடு. சேவ் பண்ணாதே. சொதப்பினால் பத்து நிமிஷத்தில் ரூட்டர் தானே ரீஸ்டார்ட் ஆகிப் பழைய கான்ஃபிகில் எழுந்திருக்கும். சரியாக வந்தால் ரீலோடைக் கேன்சல் செய்து, அப்புறம் சேவ் பண்ணு. என்னைக் கேட்டால், அந்த 300 டாலரில் பாதியாவது இந்த ஒரு வரிக்குத் தகும்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு தம்பி இருந்தால், "ஒரே ஒரு ரூல்தாம்மா" என்று அவர் லேப்டாப்பைத் திறக்கும்போது, 'ரீலோட் இன் 10' போட்டாயா என்று கேளுங்கள். திருதிருவென்று முழித்தால், கரண்ட் பில்லையும் கேஸ் புக்கிங்கையும் உடனே முடித்துவிடுங்கள்.