மாலுமிப் பேராண்டிக்கு ஒரு வார்த்தை

வாடா கேப்டனே. உத்தண்டி காலேஜுல சேந்து ஒரு செமஸ்டர் முடியல, அதுக்குள்ள வாட்ஸ்அப்புல பேருக்குக் கீழ 'மாலுமி'ன்னு போட்டுக்கினியாமே? உங்க அத்தை காட்டுனா. படம் ஜோராத்தான் இருக்குது, தொப்பிதான் காது வரைக்கும் எறங்குது.

தப்புன்னு சொல்லலடா. பேப்பர்காரன் கணக்குல கப்பல்ல சோறாக்குறவரும் மாலுமிதான். கொள்ளைக்காரன் புடிச்சிக்கினு போனா 'மாலுமிகள் கடத்தல்'னு போடுவான். அதுல வழி பாத்தவரு யாரு, வெங்காயம் உரிச்சவரு யாருன்னு பிரிச்சா எழுதறான்? ஆனா சொல்லு பொறந்த எடம் வேற. அரபியில 'முஅல்லிம்'னா வாத்தியாரு. காத்தையும் நட்சத்திரத்தையும் படிச்சு வழி சொல்ற ஆளையும் அப்படித்தான் கூப்புட்டாங்க. 1498ல வாஸ்கோ ட காமாவை மலிந்தியிலேருந்து கோழிக்கோட்டுப் பக்கம் கூட்டியாந்தவரைப் போர்ச்சுக்கீசியருங்க 'மாலெமோ'ன்னு எழுதி வெச்சாங்க. காமா பேரு உனக்கு மனப்பாடம். வழி காட்டுனவரு யாருன்னு படிச்சவங்களுக்குள்ள இன்னும் தகராறு.

நம்மூட்டு ஆளும் ஒருத்தரு உண்டு. அகநானூறு 255ஆம் பாட்டுல வர்ற நீகான். கரையில மாடத்து வெளக்கு எரியறதைப் பாத்துத் தொறை அறிஞ்சு கலத்தை ஓட்டுனவரு. மீகாமன்னாலும் அவருதான். 2014ல ஆர்யா படத்துக்கு அந்தப் பேரை வெச்சப்போ, நம்ம சேலையூர் டீக்கடையில அது காட்டு மிருகமா, கிராமத்து சாமியான்னு ரெண்டு கட்சி.

நீ என்னடான்னா, மாடம்பாக்கத்துலேருந்து காலேஜுக்குப் போவத் தெரியாம, போன்ல ஒருத்தி 'இடது பக்கம் திரும்பவும்'னதும் பைக்கை ஏரிக்கரையில கொண்டுபோய் வுட்டியாம். மேடவாக்கம், சோழிங்கநல்லூர், அக்கரை, அங்கேருந்து தெக்கால. இதுக்கு நட்சத்திரம் எதுக்குடா? கப்பல்ல சுக்கான் புடிக்கிறவனைச் சுக்கானிம்பாங்க. ஆபீசரு சொன்னதை அட்சரம் பிசகாம வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிட்டு அப்படியே திருப்பணும், சொந்த யோசனை ஆகாது. மாலுமி பட்டத்தை அந்தப் பொம்பளைக்குக் குடுத்துட்டு நீ சுக்கானின்னு போட்டுக்க. அதுவும் மரியாதையான வேலைதான், என்ன, அவன் ஏரிக்குள்ள வுட மாட்டான்.

கோவளத்துல என் சிநேகிதன் ஒருத்தன் சரக்குக் கப்பல்ல இருந்தவன். அவனைக் கேட்டேன். மூணு வருசம் படிப்பு, அப்புறம் ஒரு வருசம் கேடட், அப்புறம் பரீட்சை. தேறுனா தேர்ட் ஆபீசரு. லைஃப் போட், லைஃப் ஜாக்கெட்டுக் கணக்கெல்லாம் அவரு தலையில. அதுக்கும் மேல செகண்ட் ஆபீசராகணும், அப்பத்தான் வழி போடற சார்ட்டு கைக்கு வருமாம். பொண்ணு பாக்கப் போற எடத்துல இந்த வரிசையைச் சொல்லிப்புடாத, தேதியைத் தள்ளிப்புடுவாங்க.

கேடட்டுக்கு அதுவரைக்கும் என்னா வேலைன்னேன். சிரிச்சான். சுத்தியலும் சுரண்டியும் குடுத்து டெக்குல துரு சுரண்ட வுடுவாங்களாம். நம்ம வாசல் கேட்டும் மழையில ஊறித் துரு ஏறிக் கெடக்குது. உப்புத்தாளு வாங்கி வெச்சிருக்கேன், லீவு முடியறதுக்குள்ள ஆரம்பிச்சிடு ராசா.