செட்டு போச்சு!

காலை ஐந்தே முக்காலுக்கு அடிக்கிற போனில் நல்ல செய்தி வந்து நான் பார்த்ததில்லை. அன்றும் அப்படித்தான். உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பெரியப்பா. "செத்துப் போச்சுடா... செத்துப் போச்சு!" என்றார். அதற்கு மேல் வெறும் காற்றுதான் வந்தது. கட்.

திருப்பி அடித்தேன். ஸ்விட்ச் ஆஃப்.

என் மனைவி தமிழாசிரியை. கண்ணைத் துடைத்துக்கொண்டே இலக்கணம் பார்த்தாள். "'போச்சு'ன்னுதானே சொன்னாரு? 'போயிட்டா'ன்னு சொல்லலையே? அப்ப அஃறிணை. பெரியத்தைக்கு ஒண்ணுமில்ல. மாடுதான்."

பெரியப்பா மாட்டைப் பெற்ற பிள்ளை மாதிரி வளர்க்கிறவர். போகாமல் இருக்க முடியாது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு மதுரையிலிருந்து வண்டியைக் கிளப்பினோம். வழியில், மாட்டுச் சாவுக்கு மாலை வாங்குவதா வேண்டாமா என்று சின்ன விவாதம் வேறு. நல்லவேளை, வாங்கவில்லை. போய் இறங்கினால் மாடு வாசலில் நின்று வைக்கோல் தின்றுகொண்டிருக்கிறது. பெரியம்மா அதனடியில் உட்கார்ந்து பால் கறந்துகொண்டிருக்கிறார்.

"என்னப்பா, சொல்லாமக் கொள்ளாம? பெரியப்பாவா? செட்டுல இருக்காரு, போய்ப் பாரு."

போனோம். பம்புசெட் தொட்டிக்கட்டில் பெரியப்பா ஈரவேட்டியோடு, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொட்டிக்குள் இரண்டு பேர் இறங்கி, காலால் துழாவிக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துவிட்டுச் சொன்னார்: "செத்துப் போச்சுடா!"

பொக்கை வாய். அப்போதுதான் புரிந்தது. அவர் சொன்னது "செட்டு போச்சு." பல் இல்லாத வாயிலிருந்து வந்ததில், 'ட' என் காதில் 'த'வாக விழுந்திருக்கிறது. அந்த வீட்டில் பல்செட்டுக்குப் பெயர் 'செட்டு'. பம்புசெட்டுக்கும் பெயர் 'செட்டு'. விவசாயப் பம்புசெட்டுக்கு 1990-லிருந்து தமிழ்நாட்டில் கரண்ட் இலவசம். அது எந்த நேரத்தில் வரும் என்பது மட்டும் நம் கையில் இல்லை. அன்று விடிகாலையில் வந்திருக்கிறது. மோட்டாரைப் போட்டவர், ஓடுகிற தண்ணியை விடுவானேன் என்று குளிக்க இறங்கியிருக்கிறார். பல்லைக் கழற்றி சோப்பு டப்பா பக்கத்தில் வைத்திருக்கிறார். தண்ணீர் விழுந்த வேகத்தில் சோப்பு அங்கேயே இருக்க, பல் போய்விட்டது. அந்தப் பதற்றத்தில் போனும் தொட்டிக்குள்.

அரை மணி நேரம் கழித்து, வாழைக்குப் போகிற வாய்க்கால் மடையில் கிடைத்தது. எடுத்துக்கொண்டு வந்த பையன் சொன்னான்: "சிரிச்சுக்கிட்டே கெடந்துச்சுண்ணே."

ஆக, செட்டில் வைத்துச் செட்டைத் தொலைத்த ஒரு மனிதரால் எனக்கு ஒரு நாள் லீவும் போகவர எண்பது கிலோமீட்டர் பெட்ரோலும் நஷ்டம். அன்றிலிருந்து இந்தச் சொல்மேல் எனக்கு ஒரு கண்.

முதலில் அந்தச் சொல்லின் சொந்த ஊர்க்காரன் என்ன சொல்கிறான் என்று பார்த்தேன். இங்கிலீஷ்காரனே இந்தச் சொல்லிடம் மூச்சு வாங்கியிருக்கிறான். ஆக்ஸ்ஃபோர்ட் அகராதியின் இரண்டாம் பதிப்பு 1989-இல் 20 தொகுதிகளாக வந்தது. அதில் மிக நீளமான பதிவு இந்தச் செட்டுக்குத்தான். வினைச்சொல்லுக்கு மட்டும் 430 பொருள், ஏறக்குறைய 60,000 சொற்கள். நம் ஊர்க் கணக்கில் அது ஒரு தொடர்கதை. வாரப் பத்திரிகையில் ஒரு வருஷத்துக்கு ஓட்டலாம். பிறகு 2011-இல் அந்தப் பெருமையும் போயிற்று. மூன்றாம் பதிப்புக்காக பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் ஒன்பது மாதம் உட்கார்ந்து 'ரன்' என்ற சொல்லைப் பிரித்து மேய்ந்து, அதற்கு 645 பொருள் கண்டுபிடித்துவிட்டார். ஒன்பது மாதம்! பெற்றே எடுத்துவிட்டார் என்று வையுங்கள்.

எனக்கு இதில் வருத்தம் உண்டு. 'ரன்' நம்மிடம் என்ன செய்கிறது? கிரிக்கெட்டில் எடுக்கிறோம், அவ்வளவுதான். செட் அப்படியா? வீட்டுக்குள் வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு உட்கார்ந்துவிட்ட சொல் அது.

பெரியப்பாவின் பம்புசெட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். மோட்டாரும் பம்பும் சேர்ந்தது 'செட்'. அதன்மேல் வெயில் படாமல் கட்டிய அறை 'ஷெட்'. நம் வாய்க்கு இரண்டும் செட்டு. "செட்டுல தூங்குறாரு" என்றால் அறை. "செட்டு ரிப்பேரு" என்றால் மோட்டார். மாடு கட்டுவதும் செட்டு, மாடியில் தகரம் போட்டதும் செட்டு, பஸ் நிற்பதும் செட்டு. இதைப் பார்த்து, நாம் இங்கிலீஷைக் குட்டிச்சுவர் ஆக்கிவிட்டோம் என்று என் மைத்துனர் ஒருவர் அடித்துக்கொள்வார். அவருக்காகவே தேடிப் பிடித்து வைத்திருக்கிறேன்: இங்கிலீஷ்காரனும் இதே வேலையைத்தான் செய்திருக்கிறான். 'வை, உட்கார வை' என்ற பொருளில் வரும் செட் பழைய ஆங்கிலத்தில் 'செட்டன்'. 'கூட்டம், தொகுதி' என்கிற செட், பழைய பிரெஞ்சில் 'செட்' என்று இருந்து வந்தது. அதற்குத் தாய் லத்தீனில் 'செக்டா', அதாவது ஒருவர் பின்னால் போகிறவர்கள். இரண்டும் வேறு வேறு குடும்பம். அவன் வாயில் ஒன்றாக ஒலித்தன, சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று ஒரே வீட்டில் குடிவைத்துவிட்டான். அவன் இரண்டைச் சேர்த்தான், நாம் மூன்றாவதாக ஷெட்டைச் சேர்த்தோம். மைத்துனர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அந்த லத்தீன் பொருளை எங்கள் பள்ளித் தலைமை ஆசிரியர் கரைத்துக் குடித்தவர் போல. "உன் பையன் செட்டு சேர்ந்து கெட்டுப்போறான்" என்று அப்பாவிடம் சொன்னார். பின்னால் போகிறவர்கள் என்பது அப்படியே பொருந்திற்று. ஏனென்றால் அந்தச் செட்டில் நான்தான் எல்லோருக்கும் பின்னால் போனவன். முன்னால் போனவனுக்கு அடி விழவில்லை.

கூட்டம் என்ற பொருளில் நாம் கொடுத்த மரியாதை இங்கிலாந்தில்கூடக் கிடைத்திருக்காது. கரகாட்டம் ஒரு செட், நையாண்டி மேளம் ஒரு செட், பேண்டு ஒரு செட். எங்கள் ஊர்த் திருவிழா நோட்டீஸில் சாமி பெயருக்கு அடுத்த பெரிய எழுத்து செட்டுக்குத்தான். மைக்செட் மட்டும் விதிவிலக்கு. அங்கே ஆள் ஒருவர்தான், குழாய்கள்தான் கூட்டம். கணக்குப் பாடப் புத்தகத்தில் இதே செட்டைக் 'கணம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். சிவபெருமானுக்குப் பூதகணம் இருக்கிறதே, அந்தக் கணம். நல்ல மொழிபெயர்ப்பு. கைலாயத்திலும் ஒரு செட் உண்டு என்று தெரிந்தால் பையன்களுக்குக் கொஞ்சம் தெம்பாக இருக்கும்.

எங்கள் ஆபீசில் மத்தியானச் சாப்பாட்டுக்கு மூன்று செட். எதிலும் சேராத நாலைந்து பேர் மாடிப்படி ஓரமாகத் தனித்தனியே டப்பாவைத் திறப்பார்கள். நாளாவட்டத்தில் அவர்களே ஒருவருக்கொருவர் ஊறுகாய் கொடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். "அது 'செட்டு சேராதவங்க செட்டு' சார்" என்றார் பியூன். நான் ஆடிப்போய்விட்டேன். அவர்கள் செட்டில் சேர்ந்தவர்களா, சேராதவர்களா? சேர்ந்தால் சேரவில்லை, சேராவிட்டால் சேர்ந்துவிட்டார்கள். 1901-இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தன்னையே தன்னுள் கொள்ளாத கணங்களையெல்லாம் திரட்டி ஒரு கணமாக்கிப் பார்த்து, இதே மாதிரி ஒரு முடிச்சில் சிக்கித்தான் கணித உலகையே கலக்கினார். எங்கள் பியூன் எஸ்.எஸ்.எல்.சி.

இனிச் சாப்பாடு. ஒரு செட் பரோட்டா என்றால் இரண்டு. இதில் சந்தேகமே கிடையாது. மதுரையில் இரவு பதினொரு மணிக்கு எந்தக் கடையில் கேட்டாலும் இரண்டுதான் இலையில் விழும். பெங்களூரில் செட் தோசை கேட்டேன், மூன்று வந்தது. "ஒண்ணு கூட வந்திருக்கே" என்று திருப்பிக் கொடுக்கப் போனவனை சர்வர் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை விடுங்கள். நகைக்கடையில் செட் என்பது எண்ணிக்கையில் அடங்காது. கம்மல் வாங்கப் போனவளிடம் "செட்டா எடுத்துக்கங்க மேடம்" என்பார்கள். அந்தச் செட் கழுத்தில் ஆரம்பித்து, கை வழியாக, என் பிராவிடண்ட் ஃபண்டு வரை போகும்.

டென்னிஸில் ஒரு செட் 2010-இல், விம்பிள்டனில், 8 மணி 11 நிமிஷம் நடந்தது. இஸ்னர் 70, மஹூ 68. பரோட்டா செட் எட்டு நிமிஷம் தாண்டாது.

வினைச்சொல்லாக வரும்போதுதான் கவனம் தேவை. 'செட் ஆவது', 'செட் பண்ணுவது' இரண்டும் ஒன்றல்ல. அலாரத்தைச் செட் பண்ணலாம். மனிதர்களைச் செட் பண்ணினால் பெண்ணின் அண்ணன் வருவான். இதோடு ஒரு 'ப்' சேர்ந்துவிட்டால் முடிந்தது கதை. வெளியூரில் வேலை பார்க்கும் என் தம்பி மகன், போன பொங்கலுக்கு, பந்தியில் உட்கார்ந்து வெள்ளந்தியாகச் சொன்னான்: "பெங்களூர்ல புதுசா ஒரு செட்டப் வச்சிருக்கேன் பெரியம்மா. ஆறு லட்சம் செலவாச்சு. அப்பாதான் பாதி பணம் குடுத்தாரு." சாம்பார் ஊற்றிய கை நின்றது. அவன் சொன்னது கம்ப்யூட்டரும் மேஜையும். அது விளங்குவதற்குள் என் தம்பி மனைவி தம்பியைப் பார்த்தாள். பாயசம் யாரும் சாப்பிடவில்லை.

'செட் ஆவது' இதைவிடப் பெரிய விஷயம். அம்மா காலத்தில் தயிர் உறைந்தது, இன்று செட் ஆகிறது. சட்டை பொருந்தியது, இன்று செட் ஆகிறது. ஊர், உத்தியோகம், மாமியார், மூக்குக்கண்ணாடி எல்லாவற்றுக்கும் இந்த ஒரே தராசு. இதில் ஒழுங்காக நடப்பது சிமெண்ட் ஒன்றுதான். சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு இந்தியத் தர விதி இருக்கிறது: 30 நிமிஷத்துக்கு முன்னால் இறுக ஆரம்பிக்கக் கூடாது, 600 நிமிஷத்துக்குள் இறுகி முடித்துவிட வேண்டும். அதாவது பத்து மணி நேரம். எங்கள் வீட்டுக் கொத்தனாருக்கு விதி தெரியாது. கட்டை விரலால் அழுத்திப் பார்த்து, "செட்டாகட்டும் சார், அதுக்குள்ள கால வச்சிராதீங்க" என்பார்.

என் அக்கா மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். பையனும் பெண்ணும் மொட்டை மாடிக்குப் போய்ப் பேசினார்கள். நான் கீழே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு நிமிஷம். இறங்கி வந்தவள் அடுப்படியில் அம்மா காதில், "செட் ஆகாதும்மா" என்றாள். "சிமெண்டுக்கே அரை மணி நேரம் குடுக்கணுமேடி" என்றேன். என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, அவரு ஏழு நிமிஷமும் அவங்க அம்மாவைப் பத்தியே பேசினாரு." நான் வாயை மூடிக்கொண்டேன். சில கலவை தண்ணீர் ஊற்றும்போதே தெரிந்துவிடும்.

சினிமா செட், ஸ்பேனர் செட், ரம்மியில் சேராத செட், கல்லூரி வாத்தியார் ஆவதற்கு எழுதுகிற செட் தேர்வு (இது முதலெழுத்துச் சுருக்கம், தமிழில் எழுதினால் யார் கண்டார்கள்) என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை 31 ஆகியிருக்கிறது. பாதிக்கு மேல் பெயர்ச்சொல். போட்டி வினைச்சொல்லுக்குத்தான் என்று ஆக்ஸ்ஃபோர்ட்காரர்கள் ஆட்சேபிக்கலாம். அவர்கள் 2016-இல் நம் 'ஐயோ'வையே அகராதியில் ஏற்றிக்கொண்டவர்கள். பேசினால் வழிக்கு வருவார்கள்.

ரன்னின் 645-ஐ முந்த, செட்டின் 430-க்கு மேல் 216 தேவை. கையில் 31 போக, இன்னும் 185. உங்கள் ஊரில் நான் கேள்விப்படாத செட்டு ஏதாவது இருந்தால் ஒரு கார்டு போடுங்கள். பல்செட்டும் பம்புசெட்டும் வேண்டாம், அவை எழுதியாகிவிட்டன.