நூலக வாசலில் ஒரு விளக்கு

மாணவர்கள் நூலகத்துக்கு வருவதில்லை என்று எங்கள் பொறியியல் கல்லூரி நிர்வாகத்துக்குத் திடீரென்று கவலை வந்தது. காரணம் நாக் குழு. தர மதிப்பீட்டுக்கு வருகிறவர்கள், நூலகத்தை ஒரு நாளைக்கு எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்றும் கேட்பார்கள். எங்கள் வருகைப் பதிவேட்டிலோ நூலகரின் கையெழுத்துதான் கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது.

அந்தச் சமயம் பார்த்து முதல்வர் எங்கேயோ ஒரு வீடியோ பார்த்துவிட்டார். “ஆள் நடந்தா வெளிச்சமும் கூடவே நடக்குது சார். லைப்ரரி வாசல்ல அது மாதிரி ஒண்ணு போடுங்க. பசங்க வேடிக்கை பார்க்க வருவாங்க, அப்படியே உள்ளே போயிடுவாங்க” என்றார். நான் ஈ.சி.ஈ. துறை. பிளக் வைத்த எதுவானாலும் ஈ.சி.ஈ. ஆசிரியர் தலையில் விழும் என்பது எல்லாக் கல்லூரிகளிலும் எழுதப்படாத விதி.

கமிட்டி கூடியது. உலகத்தில் இதையெல்லாம் எப்படிச் செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக் கொஞ்சம் உற்சாகப்படுத்தலாம் என நினைத்தேன். “2012 ஏப்ரல்ல எம்.ஐ.டி. மாணவர்கள் ஒரு பெரிய கட்டடத்தோட 153 ஜன்னல்லயும் எல்.இ.டி. வச்சு, கட்டடத்தையே டெட்ரிஸ் விளையாட்டா மாத்தினாங்க. கீழே நின்னு யார் வேணும்னாலும் ஆடலாம்.”

“எம்.ஐ.டி.யா? குரோம்பேட்டைதானே. நேர்லயே போய்ப் பார்த்துட்டு வந்துடலாமே” என்றார் தாளாளர்.

“இது அமெரிக்காவுல இருக்கிற எம்.ஐ.டி. சார்.”

“ராத்திரி நேரத்துல பசங்க கட்டடத்துக்குள்ள எப்படிப் போனாங்க? செக்யூரிட்டி இல்லையா?”

அதோடு அந்த உதாரணம் முடிந்தது. அடுத்து ரஃபேல் லொசானோ ஹெம்மர் என்ற கலைஞர் 2006-இல் செய்த ‘பல்ஸ் ரூம்’ பற்றிச் சொன்னேன். கைப்பிடியைப் பிடித்தால் நம் இதயத் துடிப்புக்கு ஏற்ப ஒரு பல்பு மின்னும்; கையை எடுத்ததும் அந்தத் துடிப்பு கூரையில் தொங்கும் பல்பு வரிசையில் போய்ச் சேர்ந்துகொள்ளும். இதயத் துடிப்பு என்ற சொல்லைக் கேட்டதுமே ஒழுங்குக் குழுத் தலைவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “பையன் பிடிச்ச கைப்பிடியைப் பொண்ணும் பிடிப்பாளா?” பிடிக்கலாம் என்றேன். முடிவாக, கைப்பிடியே இல்லாத விளக்கு. ஆண்களுக்கு ஒரு தூண், பெண்களுக்கு ஒரு தூண் என்று தீர்மானமாயிற்று. எங்கள் கல்லூரியில் மாடிப்படியே தனித்தனி. வெளிச்சம் மட்டும் கலந்துவிடலாமா?

தூணுக்கு 5 மீட்டர் எல்.இ.டி. சுருள், மீட்டருக்கு 60 விளக்கு. இந்த ரகத்தில் ஒவ்வொரு விளக்குக்குள்ளும் ஒரு சின்ன சிப் இருக்கும். கடைசி பெஞ்சுக்குத் துண்டுச்சீட்டு கடத்துகிற மாதிரி, தனக்கு வந்த செய்தியை எடுத்துக்கொண்டு மிச்சத்தை அடுத்ததிடம் தள்ளிவிடும். செய்தி சிக்கலில்லாமல் போய்விடும். மின்சாரம்தான் வழியில் இளைத்துப் போகும். முழு வெள்ளையில் எரிந்தால் விளக்குக்கு 60 மில்லி ஆம்பியர் வரை இழுக்கும். 300 விளக்குக்கு 18 ஆம்பியர். ஆகவே சுருளின் இரண்டு முனையிலும் சப்ளை கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். பர்ச்சேஸ் கமிட்டி, “ஒரு லைட்டுக்கு எதற்கு இரண்டு சப்ளை?” என்று சிவப்பு மையில் கேட்டு, ஒன்றை அடித்துவிட்டது.

திறப்பு விழா அன்று விளக்கு அடியில் வெள்ளையாகவும், நடுவில் மஞ்சளாகவும், உச்சியில் சிவப்பாகவும் எரிந்தது. மின்னழுத்தம் குறைந்தால் முதலில் சோர்வது நீலம், பிறகு பச்சை. சிவப்பு மட்டும் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். சிறப்பு விருந்தினர் மெய்ம்மறந்து, “சூரிய அஸ்தமனத்தை அப்படியே கொண்டுவந்துட்டீங்க” என்றார். சிவப்பு மை போட்டவர் பெருமையோடு தலையாட்டினார்.

ஆளைக் கண்டுபிடிக்க வெள்ளைக் குமிழ் போட்ட பி.ஐ.ஆர். சென்சார் வைத்திருந்தோம். உடம்புச் சூடு இடம் மாறுவதைத்தான் அது கவனிக்கும். அசையாமல் நின்றால் அதன் கணக்கில் நீங்களும் ஒரு தூண். எங்கள் மாணவர்கள் நின்றால் அசைகிற ரகமா? கட்டைவிரல் மட்டும் செல்போனில் மேலும் கீழும் போய்வரும். மாணவன் வந்து நின்றதும் எரிந்த விளக்கு, ஆள் போய்விட்டான் என்று அணைந்துவிடும். அணைந்ததை அவனும் கவனிக்க மாட்டான். இது போதாதென்று வெயில் வேறு. சுற்றுப்புறச் சூடு உடம்புச் சூட்டை நெருங்கிவிட்டால் இந்த சென்சாருக்குக் கண் மங்கிவிடும். மே மாத மத்தியானத்தில் முதல்வரே நடந்துபோனார். விளக்கு மரியாதைக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ராத்திரி கொஞ்சம் குளிர்ந்ததும் அதற்கு உயிர் வரும். அப்போது வருகிறவர்கள் வாட்ச்மேனும் அவர் பின்னாலேயே வரும் நாய்களும்தான். நாய்கள் இரண்டு தூணுக்கும் பேதமில்லாமல் போய்வந்தன. நூலகத்துக்குள்ளும் போயிருக்கும், அடையாள அட்டை இருந்திருந்தால்.

கூட்டம் எப்போது வந்தது தெரியுமா? ஒரு நாள் பெண்கள் தூணின் மேல்பாதி மொத்தமாக அணைந்தபோது. பொறியியல் கல்லூரியில் ஒழுங்காக ஓடும் பொருளை எவனும் திரும்பிப் பார்க்க மாட்டான்; கெட்டுப்போனதைப் பார்த்தால் ஆளுக்கொரு கருத்தோடு வருவான். நடுவில் ஒரு சிப் போயிருக்கிறது என்றது ஈ.சி.ஈ. எர்த்திங் சரியில்லை என்றது டிரிபிள் ஈ. தூணே சாய்ந்திருக்கிறது என்றது சிவில். மெக்கானிக்கல் பையன்கள் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார்கள்; இரண்டு விநாடி எரிந்தது. இரண்டாம் வருட மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, “சார், மேலேயும் ஒரு சப்ளை குடுத்திருக்கணும்ல?” என்றாள். பர்ச்சேஸ் கமிட்டியில் அவளைச் சேர்க்க வழியிருக்கிறதா என்று அன்றே விசாரித்தேன்.

எங்கள் நூலகர் காரியவாதி. கூட்டத்தைக் கண்டதும் பதிவேட்டைத் தூக்கிவந்து தூணுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். கருத்துச் சொல்ல வேண்டுமானால் முதலில் கையெழுத்து. வந்த நோக்கம் என்ற கட்டத்தில் வரிசையாக ‘லைட் ஃபால்ட்’.

பிறகு பையன்களே செத்த விளக்கை வெட்டியெடுத்துப் புதிதாக ஒட்டவைத்தார்கள், புராஜெக்ட்டுக்கு வாங்கிய சப்ளையை மேல் முனையில் பொருத்தினார்கள், பி.ஐ.ஆரைக் கழற்றிவிட்டு, மூச்சு விடும் அசைவைக்கூட உணரும் 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சாரை மாட்டினார்கள். விளக்கு இப்போது பிரமாதமாக எரிகிறது, சும்மா நிற்கிறவனுக்கும் எரிகிறது. மறுவாரமே கூட்டம் காலி. நூலகர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “நாக் வர்றதுக்குள்ள இன்னொரு தடவை கெடுத்து வைக்க முடியுமா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

உங்கள் கல்லூரியில் இப்படி ஒரு விளக்கு வைக்கும் யோசனை இருந்தால், எதையும் முழுசாக முடித்துவிடாதீர்கள்; ஒரு ஒயரையாவது லூசாக விட்டுவையுங்கள். சாமான்களை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்குங்கள், எல்லாம் கிடைக்கும். ஆனால் ஜி.எஸ்.டி. நம்பரோடு பில் கேட்டு வாங்குங்கள். எனக்கு வரவேண்டிய பணம் இன்னும் வரவில்லை.