214 கோடிச் சொச்சம்

கே: உங்களுக்குப் பிடித்த எண் எது?

ப: 2147483647. இலக்கங்களைக் கூட்டினால் 46, அதையும் கூட்டினால் 10, கடைசியில் 1. சூரியனின் ஆதிக்கம் என்று எண் ஜோசியர்கள் மகிழலாம். எனக்குப் பிடித்த காரணம் வேறு. 31 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால் வருவது இது. அதோடு பகா எண்ணும்கூட.

கே: இத்தனை பெரிய எண்ணை எவர் வகுத்துப் பார்த்தார்?

ப: கணித மேதை ஆய்லர், 1772-இல், பார்வை ஏறக்குறைய போய்விட்ட காலத்தில். இதன் வர்க்கமூலம் 46,341-க்குச் சற்றுக் குறைவு. அதற்குள் 4,792 பகா எண்கள் இருக்கின்றன. அத்தனையாலும் வகுப்பது அவர் வேலையல்ல. இந்த எண்ணைப் பகா எண் ஏதாவது வகுக்குமானால், அந்த வகுத்தியை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வந்தே தீர வேண்டும் என்று முதலில் கண்டுகொண்டார். மிஞ்சியது அதிகபட்சம் சுமார் 370 வகுத்தல்தான். ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. சோம்பேறித்தனத்தை இவ்வளவு கடுமையாக உழைத்துச் சம்பாதித்தவர்கள் குறைவு.

கே: அதற்குமேல் யாரும் தேடவில்லையா?

ப: தேட மாட்டார்கள் என்றுதான் 1811-இல் பார்லோ என்ற ஆங்கிலேயர் எழுதினார். 28-இன் வகுத்திகளில் அதைத் தவிர்த்த 1, 2, 4, 7, 14 ஐந்தையும் கூட்டினால் 28-ஏ வரும். இப்படிப்பட்டவை நிறைவெண்கள். நம் எண்ணிலிருந்தும் 19 இலக்க நிறைவெண் ஒன்று பிறக்கிறது. அதுதான் கடைசி, பயனில்லாத சமாசாரத்துக்காக இனி எவரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக்காரர் 39 இலக்கப் பகா எண்ணோடு வந்தார். பயனில்லை என்றால் மனிதன் விட்டுவிடுவான் என்று பார்லோவுக்கு யார் சொன்னதோ!

கே: 2038-இல் கம்ப்யூட்டர்கள் குழம்பும் என்கிறார்களே, அதற்கும் இந்த எண்தான் காரணமாமே?

ப: ஆமாம், ஆனால் பகா எண் என்பதால் அல்ல. இரும எண்முறையில் இது வரிசையாக 31 ஒன்றுகள். குறியுள்ள 32 பிட் இடத்தில் அடங்கும் உச்ச எண் இதுவே. 1970 தொடக்கத்திலிருந்து விநாடி எண்ணும் பழைய மென்பொருள்கள், 2038 ஜனவரி 19 அன்று இந்திய நேரம் காலை 8:44:07-க்கு இந்த எண்ணைத் தொடும். அடுத்த விநாடியில் 1901-க்குத் தாவும். ‘கங்னம் ஸ்டைல்’ பாட்டின் பார்வை எண்ணிக்கை 2014-இல் இதே எல்லையைத் தாண்டியபோது, யூடியூப் தன் கணக்கை 64 பிட்டுக்கு மாற்றியதாக அறிவித்தது.

பகாத்தன்மை நிஜமாகவே உதவும் இடம் வேறு. தாறுமாறான எண்களை உண்டாக்கும் பிரபலமான ஒரு நிரல், முந்தைய எண்ணை 16807-ஆல் பெருக்கி, இந்த எண்ணால் வகுத்து, மீதியை எடுத்துக்கொள்ளும். வகுப்பது பகா எண் என்பதால் இடையில் பூஜ்யம் வந்து ஆட்டம் நிற்பதில்லை.

கே: 2147483647 இரண்டுகளைப் பெருக்கி ஒன்றைக் கழித்தால், அதுவும் பகா எண்ணா?

ப: இல்லை. 64 கோடி இலக்கங்களுக்கு மேல் நீளும் அந்த எண்ணுக்கு வகுத்தி அகப்பட்டுவிட்டது.

கே: நானும் ஒரு பகா எண் கண்டுபிடிக்கலாமா?

ப: தாராளமாக. 2024 அக்டோபரில் அகப்பட்டதற்கு 4,10,24,320 இலக்கங்கள். 10 கோடி இலக்கத்தை முதலில் எட்டுபவருக்கென்று அமெரிக்காவின் எலக்ட்ரானிக் ஃபிரான்டியர் ஃபவுண்டேஷன் அறிவித்த பரிசு 1,50,000 டாலர். தேடும் மென்பொருள் இலவசம். கரண்ட் பில் உங்களுடையது.